ஆரக்கால் இல்லாத சக்கரம்

கேள்வி: கொஸ்தாரிக்காவில் வர்ணம் தீட்டிய மாட்டு வண்டிலின் படம் பார்த்தேன். சக்கரத்தில் ஆரக்காலே இல்லை. அழகுக்காகவா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லைத் தங்கச்சி, சேற்றுக்காக. 19ஆம் நூற்றாண்டில் கோப்பியை மலைப்பக்கமிருந்து புந்தாரேனாஸ் துறைமுகத்துக்கு வண்டிலில்தான் இறக்கினார்கள். போய்ச்சேர 10, 15 நாள் ஆகும். ஆரக்கால் என்றால் இடையில் சேறு அப்பிவிடும். ஆகவே ஆப்பு வடிவப் பலகைகளை நெருக்கிச் சேர்த்து, வெளியே இரும்புப் பட்டம் போட்டார்கள். அவ்வளவு பெரிய வெறும் வட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூரிகை எடுத்துவிட்டார்கள். முதலில் நட்சத்திரக் கோலம், அப்புறம் பூ, முகம், குட்டி இயற்கைக் காட்சி. கோலத்தைப் பார்த்தே வண்டில் எந்தப் பகுதி என்று சொல்லலாமாம்.

எனக்கு வர்ணத்தைவிட அதன் சத்தம்தான் பிடிக்கும். ஓடும்போது இரும்பு வளையமொன்று சக்கரக் குடத்தில் மோதி ஒலிக்கும், வண்டிலுக்கு வண்டில் வேறாக. கொட்டாஞ்சேனையில் மண்ணெண்ணெய் வண்டில் மணி கேட்டதும் அம்மா போத்தலோடு வாசலுக்குப் போவார்; அதில் ஒரு பொட்டு வர்ணமும் கிடையாது!

2005இல் யுனெஸ்கோவும் இக்கலையை அங்கீகரித்தது. சார்ச்சி என்ற ஊரில் இன்றும் பட்டறைகள் உண்டு. வீட்டில் வைக்கச் சின்ன வண்டிலும் விற்கிறார்கள்.