கண்ணால் கற்கும் மகன், காதால் கற்கும் மகள்: தமிழ் வாசிப்பை எப்படித் தொடங்குவது?

மகன் படம் பார்த்தும் மகள் கதை கேட்டும் கற்பதால், இருவருக்கும் தனித்தனி முறை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பிள்ளையின் பாணிக்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் ஹரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஒரே எழுத்தைக் கண், காது, கை மூன்றின் வழியாகவும் இருவருக்கும் பழக்குங்கள்.

247 எழுத்துகள் என்று மலைக்கவும் வேண்டாம். ப, ட, ம ஆகியவற்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என நான்கு சொற்களை வாசித்துவிடலாம்.

உண்மையான சிக்கல் கொம்பில்தான் தொடங்குகிறது. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நின்றாலும் அதன் ஒலி பின்னால் வருவது பிள்ளைகளைக் குழப்பும். அட்டையில் 'க' எழுதி, கொம்பையும் காலையும் தனித் துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். வலப்பக்கம் காலை வைத்தால் 'கா', இடப்பக்கம் கொம்பை வைத்தால் 'கெ', இரண்டையும் வைத்தால் 'கொ' என்று அவர்களே நகர்த்தி நகர்த்தி உரக்கச் சொல்லட்டும்.

புலி, புளி போன்ற இணைகளுக்குக் காதுதான் துணை. நீங்கள் சொல்ல, அவர்கள் உரிய படத்தைத் தொடலாம். தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதுவதை விஜயதசமியோடு நிறுத்திவிடுகிறோம். அதை அன்றாடம் செய்யலாம்.

மாதக்கணக்கில் பழகியும் எழுத்தையும் ஒலியையும் இணைக்க ஒரு பிள்ளை திணறினால், முறையை மாற்றிக்கொண்டே இராமல், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ளதா என்று சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள்.