உள்நாட்டுச் சுரங்கத் தொழில் ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். ஆனால் எத்தனை டன் தோண்டினோம் என்று அளந்தால் கணக்கு தப்பிவிடும். தோண்டியது எந்த நிலையில் துறைமுகத்தைத் தாண்டுகிறது என்று பாருங்கள்.

மலேசியாவின் குவாந்தானை எடுத்துக்கொள்வோம். 2014 ஜனவரியில் இந்தோனேசியா கச்சாத் தாது ஏற்றுமதியை நிறுத்தியதும் சீன ஆலைகள் அலுமினியத் தாதான பாக்சைட் தேடி இங்கே வந்தன. 2015-இல் சிவப்பு மண் லாரி லாரியாகப் போய் அப்படியே கப்பலேறியது. சுமார் 4 டன் பாக்சைட்டில் 2 டன் அலுமினா (சுத்திகரித்த தூள்), அதில் 1 டன் அலுமினியம் கிடைக்கும். பணம் பெருகுவது அந்தப் பின்னிரண்டு படிகளில். நமக்கு மிஞ்சியது ராயல்டி, லாரி வாடகை, பெயர்ந்த சாலை, வீட்டுக்குள் புழுதி. கடலும் சிவந்தது. 2016 ஜனவரியில் வேலையை நிறுத்திவைத்தார்கள்.

சரவாக்கில் அலுமினிய உருக்காலைகள் ஓடுகின்றனவே என்பீர்கள். அவை அலுமினாவை வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன; நடுவில் வேண்டிய சுத்திகரிப்பு ஆலை நம்மிடம் இல்லை. 1 டன் அலுமினியத்துக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் தேவை. அந்த ஆலைகளை இழுத்தது நீர்மின்சாரம், உள்ளூர்த் தாது அல்ல.

அதே குவாந்தானில், கெபெங்கில், லைனாஸ் ஆலை நேர்மாறு. மவுண்ட் வெல்டில் தோண்டிய ஆஸ்திரேலியத் தாதுவிலிருந்து, காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களை இங்கே பிரிக்கிறார்கள். வேலையும் தொழில்நுட்பமும் இங்கே. கதிரியக்கத் தோரியம் கலந்த கழிவும் இங்கேதான், அதையும் கணக்கில் எழுதவேண்டும்.

பினாங்குக்காரர்களுக்கு வெள்ளீயக் கதை இன்னும் நெருக்கம். 1985 அக்டோபரில் விலையைத் தாங்கிப் பிடித்த அனைத்துலக வெள்ளீய மன்றம் பணமின்றிக் கைவிரிக்க, விலை சரிந்து பேராக் லம்பங்கள் (வெள்ளீயச் சுரங்கங்கள்) வரிசையாக மூடின. பினாங்கின் பட்டர்வொர்த் உருக்காலையோ வெளிநாட்டுத் தாதுவையும் வாங்கி உருக்கித் தொடர்ந்து ஓடியது. பாயான் லெப்பாஸ் போன்ற மின்னணுத் தொழில் வட்டாரங்களில் பரவலாகப் புழங்கும் காரீயமில்லாச் சோல்டர் (பற்றவைப்பு உலோகம்) ஒன்றில் 96.5 விழுக்காடு வெள்ளீயம்.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று. நம் அரசியலமைப்பில் நிலமும் சுரங்கமும் மாநிலத்தின் கையில். ராயல்டி மாநிலத்துக்கு, நிறுவன வரி கூட்டரசுக்கு. ஆகவே மண்ணாகவே விற்றாலும் மாநிலத்துக்கு உடனே காசு. ஆலை கட்டி வரும் லாபத்தின் வரி புத்ராஜெயாவிலுள்ள கூட்டரசுக்கு. 2024 ஜனவரி முதல் பதப்படுத்தாத அரிய மண் ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. இந்தப் பங்கீட்டை மாற்றாமல் தடையை மட்டும் போட்டால், மாநிலங்கள் விலக்குக் கேட்டு வாசலில் நிற்கும்.