சைலன்சரில் இறுகிப்போன ஆக்சிஜன் சென்சார்: இந்த வாரக் கேள்விகள்

கேள்வி: படைப்புக்கு ஊருக்கு வரும்போது மட்டும்தான் அப்பச்சி காரை எடுப்போம். இந்த முறை செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேன் போட்டால் பி0135 என்ற எரர் கோடு வருகிறது. புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைக் கழற்றப் பார்த்தால் அசையவே மாட்டேன் என்கிறது. (கானாடுகாத்தான்)

ஸ்பேனரைக் கீழே வையுங்கள். அந்தக் கோடு சொல்வது கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டி) முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டை, அதனால் முதலில் ஃபியூஸ், அப்புறம் கனெக்டர், அப்புறம் வயர். பூட்டிக் கிடக்கிற வீட்டு ஷெட்டில் நின்ற வண்டி என்றால் எலியை மறக்காதீர்கள். போன வருஷம் என்னிடம் வந்த ஒரு வண்டியில் புது சென்சாரே வாங்கி வைத்திருந்தார்கள், பார்த்தால் நாலு வயரில் ரெண்டை எலி கடித்திருந்தது.

கேள்வி: சென்சார் போனது உறுதி. எப்படிக் கழற்றுவது? (தேவகோட்டை)

முதல் நாள் ராத்திரி, சைலன்சர் ஆறிக் கிடக்கும்போது, மரை தெரியும் இடத்தைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை அடித்து விடுங்கள். சூட்டில் அடித்தால் புகையும், தீயும் பிடிக்கலாம். காலையில் என்ஜினை ஐந்து, பத்து நிமிஷம் ஓட்டி அணைத்துவிட்டு, தடிமனான கையுறையோடு, இளஞ்சூட்டிலேயே முயற்சி செய்யுங்கள். பெரும்பாலும் 22 மில்லி சைஸ்தான். பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால் வயரை வெட்டிவிட்டு ரிங் ஸ்பேனர் போடுங்கள், வயருக்காகப் பக்கத்தில் வெட்டு விட்ட சாக்கெட் கொஞ்சம் விரிந்து நழுவும். அசைந்ததும் ஒரேயடியாகச் சுற்றாதீர்கள்: கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, சூடு ஆறியிருந்தால் எண்ணெய் விட்டு, மறுபடி. "கிறீச்" என்று கத்தினால் மரையில் துரு அரைபடுகிறது என்று அர்த்தம், பொறுமையாகப் போங்கள். சென்சார் போனால் போகட்டும், சைலன்சர் பக்கத்து மரை பிழைக்க வேண்டும்.

கேள்வி: கேஸ் வெல்டிங்கில் சூடு காட்டலாம் என்கிறார் மெக்கானிக். சரியா? (காரைக்குடி)

சரிதான், வேறு எதற்கும் மசியாதபோது. ஆனால் சூடு சென்சாருக்கு இல்லை, அது உட்காரும் வளையத்துக்கு. வளையம் மங்கலாகச் சிவக்கும் வரை காட்டினால் விரிந்து பிடி விடும். அதற்கு முன் அடித்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், பெட்ரோல் பைப்பும் வயரும் பக்கத்தில் இருந்தால் நகர்த்தாமல் தொடவே கூடாது. என் வீட்டு வண்டி என்றால் சைலன்சரைக் கழற்றிக் கீழே போட்டுத்தான் சூடு காட்டுவேன்.

கேள்வி: சென்சார் வந்துவிட்டது, கூடவே மரையும் உரிந்து வந்துவிட்டது! (பள்ளத்தூர்)

பதறாதீர்கள். மரை கொஞ்சம் மிச்சம் இருந்தால் 18 மில்லி, 1.5 பிட்ச் டேப்பை (மரை வெட்டும் கருவி) கிரீஸ் தடவி, நேராகப் பிடித்து ஓட்டுங்கள், கிரீஸில் ஒட்டி இரும்புத்தூள் வெளியே வந்துவிடும். முழுசாகப் போயிருந்தால் புது வளையம் வெல்டிங் செய்வதுதான் வழி. எம்-சீல் வைத்து அடைப்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

கேள்வி: புதுசு மாட்டும்போது கிரீஸ் போடலாமா? (புதுவயல்)

சாதாரண கிரீஸ் வேண்டாம். புது சென்சார்களில் பெரும்பாலும் மரையிலேயே ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பேஸ்ட்) தடவி வரும், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வராவிட்டால் ஆக்சிஜன் சென்சாருக்கென்று இருப்பதை மரையில் மட்டும் மெல்லிசாக. முனையில் பட்டால் சென்சார் கெட்டுப்போகும், சிலிக்கான் பேஸ்ட்டும் அப்படித்தான். கையால் சுற்றி உட்காரவைத்துவிட்டு, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள், பல வண்டிகளில் 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்.