அமெரிக்கப் போலீஸில் கறுப்பினத்தவரை ஏன் தேடிப்போய்ச் சேர்க்கிறார்கள்?

தகுதி இருந்தால் யாரும் சேரலாமே, தனியாக ஏன் அழைக்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். தேடிப்போய்ச் சேர்ப்பது என்றால், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் கல்லூரிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய் விண்ணப்பிக்கச் சொல்வது, அவ்வளவுதான்.

கதவு திறந்திருந்தாலும் ஆட்கள் வரத் தயங்குவதற்குப் பழைய காரணம் உண்டு. அட்லாண்டாவில் முதல் எட்டு கறுப்பினக் காவலர்கள் சேர்ந்தது 1948-ல். வெள்ளையரைக் கைது செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லை. தலைமையகத்திலும் இடமில்லை, ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறைதான் அவர்களுடைய ஸ்டேஷன். (துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நாற்காலியைக் கொடுக்கவில்லை!) தாத்தாவுக்கு இப்படி நடந்த வேலையைப் பேரன் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவானா?

அமெரிக்க நகரங்களில் 1967-ல் வெடித்த இனக் கலவரங்களை ஆராய்ந்த அரசுக் குழுவான கெர்னர் ஆணையம், கறுப்பினக் காவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னது. அப்புறமும் மாற்றம் எல்லா ஊரிலும் வரவில்லை. 2014-ல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகர மக்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட காவலர்களில் கறுப்பினத்தவர் நாலு பேருக்கு மேல் இல்லை.

ஒரு குடியிருப்பில் நாலு பிளாக், சங்க நிர்வாகிகள் எல்லோரும் 'ஏ' பிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நியாயமாகவே நடந்தாலும் 'டி' பிளாக்காரர் புகார் சொல்ல யோசிப்பார். போலீஸிலும் அதே கதைதான்.

சரி, கறுப்பினக் காவலர் வந்தால் அத்துமீறல் தானாக நின்றுவிடும் என்பது தவறான எண்ணம்: 2023-ல் மெம்ஃபிஸில் டைரி நிக்கோல்ஸ் என்ற கறுப்பினத்தவர் போலீஸாரிடம் அடிபட்டு இறந்த வழக்கில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து காவலர்களும் கறுப்பினத்தவர்தான்.