மாடுலஸ் ஏறிச்சு, ஸ்ட்ரெங்த் எறங்கிடுச்சு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எம்.டெக் ப்ராஜெக்ட்டுக்காக எபாக்சில (இறுகிக் கெட்டியாகற பிசின்) நானோகிளே (மெல்லிய தகடா பிரியற களிமண்) கலந்து பண்ணிட்டு இருக்கேன். 5 சதவீதம் போட்டதுல மாடுலஸ் (விறைப்பு) நல்லா ஏறிச்சு, ஆனா டென்சைல் ஸ்ட்ரெங்த் (இழுத்தா உடையாம தாங்கற வலு) வெறும் எபாக்சிக்கும் கீழ போயிடுச்சு. டிஜியும் (எபாக்சி இளக ஆரம்பிக்கற வெப்பநிலை) கொஞ்சம் குறைஞ்சிருக்கு. எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே வெச்சு அடுக்கு இடைவெளி பாக்கற டெஸ்ட்) பீக்கே வரல, அப்போ கிளே தகடு தகடா முழுசா பிரிஞ்சிடுச்சுன்னுதானே அர்த்தம்? எத்தனை சதவீதம் போட்டா சரியா வரும்? இல்ல கிளேய விட்டுட்டு நானோசிலிகாவுக்கு மாறிடவா?

அன்புள்ள தம்பி,

சிலிகாவ இப்போதைக்கு மறந்துடுங்க, கையில இருக்கறது ஏன் உடைஞ்சுதுன்னு தெரியாம அடுத்ததுக்குத் தாவினா அதுவும் உடையும். டிஜி குறைஞ்சதுக்கும் பயப்படாதீங்க. கிளே மேல ஏத்தியிருக்கற அமோனியம் உப்பு ஹார்டனர் (எபாக்சிய இறுக வெக்கறது) கணக்க கொஞ்சம் கலைச்சு விட்டுடும், நெட்வொர்க் லேசா தளரும், நிறைய பேருக்கு நடக்கறதுதான்.

என்னைப் புடிச்சு நிறுத்தினது ஸ்ட்ரெங்த் எறங்கின கதைதான், ஏன்னா நானும் கொஞ்ச நாளா அதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன். மாடுலஸும் ஸ்ட்ரெங்த்தும் சேர்ந்துதான் ஏறணும்னு உங்களுக்கு யார் சொன்னது? மாடுலஸ்ங்கறது துண்டு மொத்தமும் சேர்ந்து சொல்ற பதில். கிளேல இருக்கற மாண்ட்மோரிலோனைட் தகடு ஒண்ணு 1 நானோமீட்டர் தடிமன், அகலம் சில நூறு நானோமீட்டர், அதோட மாடுலஸ் சுமார் 170 கிகாபாஸ்கல், உங்க எபாக்சியோடது 3 பக்கம். அதனால தகடு பாதி பிரிஞ்சு பாதி ஒட்டிக் கெடந்தாலும் மாடுலஸ் கொஞ்சமாச்சும் ஏறத்தான் செய்யும், இதுல உங்க சாமர்த்தியம் பெருசா ஒண்ணுமில்ல. ஸ்ட்ரெங்த் அப்படி இல்ல தம்பி. துண்டு முழுக்க நல்லா இருந்து ஒரே ஒரு இடம் மோசமா இருந்தா அந்த ஒரு இடம்தான் எங்க எப்போ உடையணும்னு முடிவு பண்ணும். கண்ணாடிய வெச்சு கிரிஃபித்ங்கற இங்கிலாந்து இன்ஜினியர் 1921லயே சொல்லிட்டாரு, குறை நாலு மடங்கு பெருசானா தாங்கற சக்தி பாதி ஆயிடும்னு. குளிர்ந்து இறுகின எபாக்சியும் இந்த விஷயத்துல கண்ணாடிக்கு ரொம்ப தூரம் இல்ல.

நான் டெஸ்டிங் லேப்ல இருந்தப்போ அங்க மெஷின் ஓட்டின அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. ஸ்க்ரீன்ல நம்பர் வந்து நிக்கும், நாங்கல்லாம் அதைச் சுத்தி நிப்போம், அவர் திரும்பிக்கூட பாக்க மாட்டாரு, கிரிப்புலேந்து ரெண்டு துண்டையும் கழட்டி லைட்டுல சாய்ச்சு புடிச்சு லென்ஸ கண்ணுகிட்ட கொண்டு போவாரு. உடைஞ்ச முகத்துல ஓரமா ஒரு வெள்ளைப் புள்ளி, அரை மில்லிமீட்டர் கூட வராது. அதைச் சுத்தி வழவழன்னு ஒரு வட்டம், அதுக்கு வெளிய சொரசொரப்பு, அப்புறம் கோடு கோடா விரிஞ்சுக்கிட்டே போகும். எந்தக் கோட்ட புடிச்சுப் பின்னாடி வந்தாலும் அந்தப் புள்ளிலதான் வந்து நிக்கும். பிரியாத கிளே கட்டி. சில துண்டுல புள்ளிக்கு பதிலா உருண்டையா ஒரு குழி இருக்கும், அது காத்து. கிளே ஏற ஏற ரெசின் (இறுகாத எபாக்சி) கெட்டியாகுது, வாக்யூம் போட்டாலும் குமிழி மேல வர மாட்டேங்குது, 5 சதவீதத்துல உங்களுக்கும் அதான் நடந்திருக்கும்னு நெனைக்கிறேன். உடைஞ்ச துண்டெல்லாம் வெச்சிருக்கீங்களா, இல்ல குப்பையில போட்டாச்சா?

இப்போ அந்த எக்ஸ்ஆர்டி. கோவிச்சுக்காதீங்க, பீக் வரலன்னா பிரிஞ்சிடுச்சுன்னு எழுதறது சோம்பேறித்தனம். ஸ்கேன எந்த டிகிரிலேந்து ஆரம்பிச்சீங்க? காப்பர் டியூப்ல 3 டிகிரிலேந்து ஓட்டினா சுமார் 3 நானோமீட்டருக்கு மேல விலகின அடுக்கு எதுவும் கண்ணுலயே படாது. ரெசின் உள்ள பூந்து அடுக்கு மூணரை நாலு நானோமீட்டர் விலகி, ஆனா கட்டி கட்டியாவே கெடக்கும், பீக் மட்டும் இருக்காது. அடுக்கு ஒழுங்கு கலைஞ்சாலும் பீக் போயிடும். டிஇஎம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம்) எடுக்காம எக்ஸ்ஃபோலியேட்டட்னு (தகடு தகடா முழுசா பிரிஞ்சதுன்னு) தீசிஸ்ல எழுதாதீங்க, வைவால எவனாவது ஒருத்தன் கேப்பான், கேக்கணும்.

இந்த ஆசையெல்லாம் எங்கேந்து வந்துச்சுன்னும் தெரியும். 1994ல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில லானும் பின்னவையாவும் 15 சதவீதம் கிளே போட்டு எபாக்சியோட ஸ்ட்ரெங்த்த பத்து மடங்குக்கு மேல ஏத்திக் காட்டினாங்க, எல்லா பேப்பர்லயும் முதல் பத்தில அது இருக்கும். ஆனா அது ரப்பர் மாதிரி இழுபடற எபாக்சி, ரூம் டெம்பரேச்சர்ல டிஜிய தாண்டி இருக்கறது, பேஸ் ஸ்ட்ரெங்த்தே ரொம்ப கம்மி. உங்களோடது கிளாஸி, அதாவது கண்ணாடி மாதிரி விறைப்பான ரெசின், அதுல அந்தப் பத்து மடங்க தேடறது வீண் வேலை. கிளேயால கிடைக்கற லாபம் வேற இருக்கு, தகட்ட சுத்திச் சுத்திப் போக வேண்டியிருக்கறதால தண்ணி உள்ள ஊறுறது மெதுவாகும், விரிசலும் நேரா ஓட முடியாம வளைஞ்சு போறதுல டஃப்னெஸ் (விரிசலத் தாங்கற குணம்) கொஞ்சம் ஏறலாம். இதையெல்லாம் அளந்தீங்களான்னு லெட்டர்ல ஒரு வார்த்தை இல்ல.

ஆமா, சதவீதம் கேட்டிருந்தீங்கல்ல? 1லேந்து ஆரம்பிங்க. ஹார்டனர் ஊத்தறதுக்கு முன்னாடி, ரெசின் சூடா இருக்கறப்பவே கிளேய நல்லா ஷியர் பண்ணுங்க (தேச்சு இழுத்துக் கலக்கறது), முடிஞ்சா த்ரீ ரோல் மில்லுல (மூணு உருளைக்கு நடுவுல அரைக்கற மெஷின்) ஓட்டுங்க, ஒரு சொட்டு எடுத்து கண்ணாடித் தகட்டுல தேச்சு மைக்ராஸ்கோப்ல பாருங்க. அதுல கட்டி எதுவும் தெரியாம போற வரைக்கும் 2 சதவீதத்துப் பக்கமே போகாதீங்க.