லண்டன் குளிரில் வியர்ப்பது ஏன்?

வெளிநாட்டுப் படிப்பு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகன் லண்டனில் படிக்கிறான். தினமும் சென்ட்ரல் லைன் சுரங்க ரயிலில்தான் போய் வருகிறான். "வெளியே நடுங்குது, உள்ளே போனா வேர்த்துக் கொட்டித் தலை சுத்துது. சத்தத்துல காது அடைச்சுக்குது, மூக்கைச் சிந்தினா கறுப்பா வருது" என்கிறான். உடம்பில் ஏதாவது கோளாறா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: ரயிலில் மட்டும் இப்படி என்றால் பயப்பட வேண்டாம் அம்மா. அந்தத் தடத்தின் அமைப்பு அப்படி. சென்ட்ரல் லைன் 1900-ல் திறந்தது. பெட்டி நுழையும் அளவுக்கே குடைந்த குழாய், சுற்றிலும் களிமண். பிரேக்கிலும் மோட்டாரிலும் கிளம்பும் சூடு நூறாண்டுக்கு மேலாக அந்த மண்ணில் இறங்கித் தங்கிவிட்டது. அன்று 14 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்த மண், இன்று இடத்துக்கு இடம் 19 முதல் 26 வரை இருக்கிறது. பெட்டியில் ஏசியும் கிடையாது.

எஸ்கலேட்டரில் இறங்கும்போதே கோட்டைத் திறந்து, மஃப்ளரை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏறிய பிறகு நெரிசலில் கையை மடக்கக்கூட இடம் இருக்காது. தடித்த கோட்டு ஒன்றைவிட மெல்லிய உடுப்பாக மூன்று போட்டால் கழற்றுவது சுலபம். தலை சுற்றினால் அடுத்த நிலையத்தில் இறங்கி உட்கார வேண்டும், உதவி அங்கேதான் சீக்கிரம் கிடைக்கும். ரயிலுக்கு வெளியேயும் மயக்கம் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி, தடத்தை மாற்றுவது. எலிசபெத் லைனில் ஏசி உண்டு. ஸ்ட்ராட்ஃபோர்ட், லிவர்பூல் ஸ்ட்ரீட், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, பாண்ட் ஸ்ட்ரீட் ஆகிய நிலையங்கள் இரண்டு தடத்திலும் வருகின்றன.

சத்தம், வளைவுகளில் சக்கரம் தண்டவாளத்தோடு உரசுவதால் எழுவது. காற்றுக்காகப் பெட்டிகளின் கோடியில் உள்ள ஜன்னலைத் திறந்து வைப்பார்கள், அதன் வழியே சத்தம் முழுதாக உள்ளே வரும். பெட்டியின் நடுவில் நிற்பது நல்லது. காதுக்கு உண்மையான கெடுதல், அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க ஹெட்போனில் பாட்டைக் கூட்டி வைப்பது. அதற்குப் பதில் காதில் நுரை அடைப்பான் (இயர் பிளக்) போடலாம். மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மூக்கில் வரும் கறுப்பு, பெரும்பாலும் சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்து வரும் இரும்புத் தூள். ஆஸ்துமா உள்ளவர்கள் முடிந்தவரை பஸ்ஸில் போவது உத்தமம்.

கேள்வி: இங்கே லண்டனில் டீ மேல் ஏடு மாதிரி ஏதோ படிகிறது. துவரம்பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் மசிவதில்லை. தண்ணீர் கெட்டதா?
- மாணவி, ஈஸ்ட் ஹாம்

பதில்: குடிக்க நல்ல தண்ணீர்தான். சுண்ணாம்புப் பாறை வழியே வருவதால் கால்சியம் அதிகம். நம் ஊரில் போர் தண்ணீர் பிடித்த பக்கெட்டில் வெள்ளை பூக்குமே, அதேதான். கால்சியம் பருப்பை இறுக்கிவிடும். வடிகட்டும் ஜக்கில் பிடித்த தண்ணீரில் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதே வகைத் தண்ணீரில் வேகவிடுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான். ஜக்கு இல்லையென்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும், கூடினால் சோப்பு வாடை அடிக்கும். டீக்கும் ஜக்குத் தண்ணீரே ஊற்றுங்கள். கெட்டிலில் படிந்த வெள்ளைக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவிட்டு, 20 நிமிடம் கழித்துக் கழுவி, ஒரு கொதி வெறும் தண்ணீரைக் காய்ச்சிக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: விடுதியில் நான் தாளித்தாலே தீ அலாரம் அலறுகிறது. எல்லோரும் குளிரில் வெளியே போய் நிற்க வேண்டியிருக்கிறது.
- மாணவர், ஸ்ட்ராட்ஃபோர்ட்

பதில்: பல விடுதிகளில் சமையலறைக்குள் இருப்பது சூட்டை உணரும் கருவி. புகையை உணர்வது வராந்தாவிலும் அறையிலும் இருக்கும். கதவைத் திறந்து போட்டுத் தாளித்தால் புகை வராந்தாவுக்குப் போய் அலாரம் அடிக்கும். கதவைச் சாத்துங்கள். புகை உறிஞ்சியை ஐந்து நிமிடம் முன்பே போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எண்ணெய் புகைய விடாமல் கடுகைப் போட்டு, வெடித்ததும் அடுப்பை அணைத்து, மிளகாயையும் கறிவேப்பிலையையும் அந்தச் சூட்டிலேயே பொரியவிடுங்கள். பாலிதீன் பையால் கருவியை மூடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அபராதம் ஒரு பக்கம், உயிர் ஆபத்து மறுபக்கம்.

கேள்வி: டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. எந்நேரமும் தூக்கம், எதிலும் பிடிப்பில்லை.
- மாணவர், டூட்டிங்

பதில்: டிசம்பர் கடைசியில் சூரியன் எழுவது காலை எட்டு மணிக்கு மேல், மறைவது மாலை நாலு மணி வாக்கில். எட்டு மணி நேரம்கூடப் பகல் இல்லை. மேகமாக இருந்தாலும் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் அரை மணி வெளியே நடங்கள். ஜன்னலோரம் உட்காருவது அதற்கு ஈடாகாது. வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கலாம். குளிர்காலத்தில் அங்குள்ள எல்லோருக்குமே இதைத்தான் சொல்கிறார்கள். நம் போன்ற கறுத்த தோலுக்கு ஆண்டு முழுக்க எடுப்பது பற்றியும் யோசிக்கச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழும்பாமலே இருந்தால் நீங்கள் பெயர் பதிவு செய்து வைத்திருக்கும் டாக்டரிடம் போங்கள். பதிவு செய்யாவிட்டால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கேள்வி: நடுராத்திரி பெண் அலறுவது போல் கேட்கிறது. போலீஸைக் கூப்பிடலாமா?
- மாணவி, வெம்ப்ளி

பதில்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் பெரும்பாலும் நரிதான், அது இணைசேரும் காலம். ஒரே தொனியில் விட்டுவிட்டுக் கேட்கும். வார்த்தையோ, ஓடும் காலடியோ, இன்னொரு குரலோ சேர்ந்து கேட்டால் தயங்காமல் 999-ஐ அழையுங்கள்.