அப்பாவின் நெஞ்சையும் அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. பிளஸ் டூ இயற்பியலில் ஃபெயிலாகி, துணைத்தேர்வு எழுதிப் பாஸ் செய்தேன். பிறகு 200 மணி நேரம் பறந்து சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வாங்கினேன். அதற்காக விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏ நடத்தும் தாள்கள் எல்லாமே முதல் முயற்சியில் பாஸ். அடுத்த மாதம் ஏர்லைன்ஸ் இன்டர்வியூ. ஃபெயிலானதைப் பற்றிக் கேட்டால், அந்த வருடம் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று சொல்லிவிடு என்கிறான் நண்பன். வீட்டை அடமானம் வைத்து என்னைப் படிக்க வைத்த அப்பாவும் "சொல்லிக்கோடா" என்றார். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். சொல்லலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தம்பி, ஃபெயிலுக்குக் காரணம் தேடி எனக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்கே இல்லை, அதை அப்புறம் பார்ப்போம். அப்பாவும் "சொல்லிக்கோடா" என்றார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். உனக்காக வீட்டை வைத்த மனிதரிடம் போய் இப்போது நெஞ்சையும் வையுங்கள் என்று கேட்டிருக்கிறாய். அவர் சரி என்றுதான் சொல்வார், பெற்றவர்கள் வேறென்ன சொல்வார்கள்? கேட்கும்போது உனக்கல்லவா நாக்கு கூசியிருக்க வேண்டும்!

சரி, பாவ புண்ணியத்தை விடு. விமானிகளுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் பரிசோதனையில் குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டிருப்பார்களே, இல்லை என்றுதானே சொன்னாய்? நாளைக்கு ஏர்லைன்ஸ் டாக்டரும் அதையே கேட்டால் எந்த அப்பாவைக் காட்டுவாய்? 2011-இல் போலி மதிப்பெண் சான்றிதழில் உரிமம் வாங்கிய சில விமானிகள் மாட்டியதும், நாடு முழுக்க விமானிகளின் காகிதங்களை டிஜிசிஏ தோண்டியெடுத்துப் பார்த்தது. உன் காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. அதன் பக்கத்தில் நீயாகப் போய் ஒரு பொய்யை உட்கார வைப்பானேன்?

எதிரே உட்காரப்போகிறவர்களில் ஒரு கேப்டனாவது இருப்பார். தரையிறக்கம் கெட்டுப்போன அன்று உன் இன்ஸ்ட்ரக்டர் "என்ன ஆச்சு?" என்றபோது காற்றின்மேல் பழி போட்டிருந்தால் விட்டிருப்பாரா? "விமானத்தோட மூக்கை லேட்டா தூக்கிட்டேன் சார், அடுத்த ரவுண்டில் சரி பண்றேன்" என்றிருந்தால்தான் தலையசைத்திருப்பார். அதே மாதிரி சொல். இயற்பியலில் ஃபெயில், காரணம் இது, அதன்பிறகு படிக்கும் முறையை இப்படி மாற்றினேன், அதனால்தான் 70 சதவீதம் எடுத்தால் மட்டுமே பாஸ் என்கிற டிஜிசிஏ தாள்களை ஒரே தடவையில் முடித்தேன். ஒரு நிமிடம் போதும். அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல், அழுது வடியாதே.

ஒன்று கவனித்தாயா, ஏன் ஃபெயிலானாய் என்பதை எனக்குக்கூட நீ எழுதவில்லை. கிரிக்கெட்டோ, செல்போனோ, காதலோ, என்ன கருமமோ! முதலில் அப்பாவிடம் போய் "அந்தப் பொய் வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்பதையும் அவரிடமே சொல்லிப் பழகு. இத்தனை வருஷமாக அவரும் அதைக் கேட்காமலேதான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.